வணிகர் சங்கங்களும் இணைய விளம்பரமும்

விளம்பரம் என்பது இக்காலத்தார் புதிதாகக் கண்ட பொருளன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களிலே பலவகைக் கொடிகள் பறந்தமையைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. கள் விற்கும் மனையிலுங்கூடக் கொடி கட்டியிருந்தனர். எழுத்தறியாதவனும் தொலைவில் நின்றே கண்டு, இஃது இன்ன பொருள் விற்கும் இடம் என அறிதற்கு அக்கொடி உதவிற்று. மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடி என இருவகை அங்காடிகளைக் காட்டுகின்றது. நம் நாட்டிலே 1950ஆம் ஆண்டில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிய பின்னர், கடையின் பெயரும் பண்டத்தின் பெயரும் பாட்டுக்களுக்கிடையே வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தன. இன்று கொடியின் இடத்தையும் வானொலியின் இடத்தையும் கைத்தொலைபேசியின் சிறு திரை பற்றிக்கொண்டது. அது நாளங்காடியுமாம், அல்லங்காடியுமாம், அதற்குக் கதவடைப்பு என்பதொன்றில்லை.

தமிழாசிரியராகிய நமக்கு இவ்வாராய்ச்சியில் என்ன அலுவல் என அன்பர்கள் வினவுதல் கூடும். நம்மிடம் பயின்று பின்னர் வாணிகத்துறை புக்கோர் பலர். அவர்கள் தத்தம் ஊர்களில் வர்த்தகர் சங்கங்களில் உறுப்பினராயும் செயலாளராயும் இருக்கின்றனர். “மாஸ்ரர், விளம்பரத்துக்கு இரண்டு வரி எழுதித் தாருங்கள்” என்று வருவோர், இரண்டு வரியோடு நில்லாமல் முகநூல், வட்ஸ்அப், கூகிள் என்பன பற்றியும் பேசிச் செல்வர். இவ்வாறு பல ஆண்டுகளாகக் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில், இது வெறும் நாகரிகப் பகட்டன்று என்பதை உணர்தல் வேண்டும். 2018ஆம் ஆண்டிற் சீனத்து அலிபாபா நிறுவனத்தின் உடைமையாகிய டராஸ் போன்ற இணைய அங்காடிகள் கொழும்பிலிருந்து பொதிகளைக் கிராமத்துப் படலை வரை கொண்டுவந்து கொடுக்கின்றன. பெரிய நிறுவனங்களின் பல்பொருள் அங்காடிகளும் குளிரூட்டிய மண்டபங்களோடு சிறு நகரங்களுக்கு வந்துவிட்டன. அவற்றோடு ஒப்பிடுமிடத்துச் சந்தையடியிலுள்ள பலசரக்குக் கடைக்காரருக்கு விளம்பரப் பணமுமில்லை. விளம்பரம் எழுத ஆளுமில்லை. ஆயின், தை மாதத்தில் மூன்று பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்க வரும் தாய்க்குக் “கையில் வந்தபோது தாருங்கள்” என்று கடன் கொப்பியில் எழுதிக்கொள்பவர் அவரே. 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றபோது, நடந்து சென்று அடையக்கூடிய கடையின் அருமையை எல்லோரும் கண்டோம். அக்கடை ஒருமுறை பூட்டப்படின் மறுமுறை திறக்கப்படுதல் அரிது.

தனிக்கடை செய்ய இயலாத பலவற்றைச் சங்கம் செய்யலாம். நாற்பது கடைகள் தனித்தனியே நாற்பது முகநூற் பக்கங்களை அரைகுறையாக நடத்துவதிலும், படம் எடுக்கத் தெரிந்த ஓர் இளைஞரைச் சங்கமே வேதனம் கொடுத்து அமர்த்தி, வாரந்தோறும் நான்கைந்து கடைகளுக்கு அனுப்புதல் மேலானது. முறை வைத்தே இதனைச் செய்தல் வேண்டும். இரண்டு புடைவைக் கடைகள் எதிரெதிரே இருக்குமிடத்தில் எவருடைய படம் முன்னே வந்தது என்ற வழக்கு எழாதிருக்க, பதிவேட்டில் உள்ள வரிசைப்படியே எல்லாக் கடைகளும் வருமாறு ஒழுங்கு செய்துவிடின் நன்று. இது சிறு காரியம் போலத் தோன்றினும், சங்கங்கள் உடைவது பெரும்பாலும் இத்தகைய சிறு காரியங்களாலேயே.

இனி, எங்கிருந்து தொடங்குவது? பலரும் முகநூலிலிருந்து தொடங்குவர். நாமோ கூகிள் நிறுவனத்தின் தேசப்படத்திலிருந்து தொடங்குக என்போம். முகநூல் பார்ப்பவன் பொழுதுபோக்காகப் பார்க்கின்றான். தேசப்படத்திலே தேடுபவனோ பொருள் வாங்கும் எண்ணத்தோடு தேடுகின்றான். “அருகில் உள்ள மருந்துக்கடை” என்று தேடுபவன் பத்து நிமிடத்தில் ஒரு மருந்துக்கடையின் வாயிலில் நிற்பான். கடைக்காரர் தம் கடையைப் பதிவு செய்துகொள்ளும் இவ்வசதி 2014ஆம் ஆண்டில் ஒரு பெயரோடு தொடங்கி, 2021ஆம் ஆண்டிலிருந்து ‘வணிக விவரம்’ என்னும் பொருள்படும் வேறொரு பெயரோடு நடைபெறுகின்றது. இதற்குக் கட்டணமில்லை. கடையின் பெயர், வகை, தொலைபேசி எண், திறக்கும் நேரம், படங்கள் ஆகியவற்றைக் கொடுத்தல் வேண்டும். கடை உண்மையிலேயே அவ்விடத்தில் உள்ளதெனக் காட்டும் பொருட்டு, பெயர்ப்பலகையும் தெருவும் தெரியுமாறு காணொளி எடுத்து அனுப்பும்படி நிறுவனம் கேட்பதுண்டு. இவ்விடத்திலேதான் வயது முதிர்ந்த கடைக்காரர் பலர் கைவிட்டுவிடுகின்றனர். சங்கத்து இளைஞர் ஒருவர் அரை மணிநேரம் உடனிருந்தால் முடியும் வேலை இது.

தேடுவோனுக்கு எக்கடையை முன்னே காட்டுவது என்பதை மூன்று காரணங்களாற் தீர்மானிப்பதாகக் கூகிள் நிறுவனமே கூறுகின்றது. தேடிய பொருளோடு கடைக்குள்ள பொருத்தம் ஒன்று. தேடுவோனுக்கும் கடைக்கும் இடையிலுள்ள தூரம் ஒன்று. கடைக்குள்ள பெயர்பிரசித்தம் ஒன்று. தூரத்தை நாம் மாற்றுதல் இயலாது. மற்றை இரண்டும் நம் கையிலுள்ளன. கடையின் வகையைச் சரியாகக் குறித்தலும், விற்கும் பொருள்களின் பெயர்களைத் தெளிவாக எழுதுதலும் பொருத்தத்தைக் கூட்டும். நம் ஊர்களில் ஒழுங்கைகளுக்குப் பெயரில்லாமலும் கடைகளுக்கு இலக்கமில்லாமலும் இருத்தலின், தேசப்படத்திற் குறியிடும்போது கடையின் வாயிலிலே நின்று குறியிடுதல் அவசியம். திறக்கும் நேரத்தையும் மறத்தலாகாது. தேர்த்திருவிழாவன்றும் தைப்பொங்கலன்றும் பூட்டிய கடையைத் திறந்திருப்பதாகத் திரை காட்டினால், பத்து மைல் கடந்து வந்தவன் பூட்டிய கதவைக் கண்டு திரும்புவான். அவன் இரண்டாம் முறை வரான்.

வாங்கியோர் எழுதும் கருத்துரைகளும் நட்சத்திரங்களும் பெயர்பிரசித்தத்தைச் சாரும். இதிலே ஒரு தீய வழக்கம் பரவி வருகின்றது. உறவினரையும் வேலையாட்களையும் கொண்டு புகழுரை எழுதுவித்தலும், அயற்கடைக்கு இகழுரை எழுதுவித்தலும் நிகழ்கின்றன. கழிவு தருவோம், நட்சத்திரம் இடுக என்று கேட்டலும் அந்நிறுவனத்தின் விதிகளுக்கு மாறானது. ஒரே தெருவிலே இரண்டு உறுப்பினர் இவ்வாறு ஒருவர்மேல் ஒருவர் எழுதுவிப்பின், அது சங்கத்துக்குள்ளே தீர்க்கப்பட வேண்டிய வழக்கு. உண்மையாகவே குறை எழுதிய வாடிக்கையாளனுக்கு உடன் பணிவாக மறுமொழி எழுதுதல் வேண்டும். அம்மறுமொழியைக் குறை கூறியவனிலும் பிறரே கூடுதலாகப் படிப்பர்.

முகநூலுக்கு வருவோம். 2004ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து மாணவரிடையே தொடங்கிய இம்முயற்சி, 2006ஆம் ஆண்டிற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் நிறுவனங்களும் பக்கம் வைத்துக்கொள்ளலாமாயிற்று. 2018ஆம் ஆண்டு தை மாதத்தில், நண்பரும் உறவினரும் இடும் செய்திகளை முன்னிறுத்தி நிறுவனப் பக்கங்களின் செய்திகளைப் பின்தள்ளப்போவதாக அதன் தலைவர் அறிவித்தார். ஆகவே, பக்கத்தை ஐயாயிரம் பேர் விரும்பியிருப்பினும் இடும் செய்தி அவர்களுள் மிகச் சிலர் கண்ணிலேயே படுகின்றது. இதனை அறியாத செயலாளர் விருப்பங்களின் தொகையைக் கூட்டி ஆண்டறிக்கையிலே பெருமையாகச் சேர்க்கின்றார். செய்தி பரவுதற்கு உறுப்பினர் தாமே அதனைத் தத்தம் கணக்கிலிருந்து பகிர்தலும், பார்ப்போர் வினா எழுதுமாறு செய்தலும் வழிகளாம். வினா எழாத செய்தி விரைவில் அடியிற் சென்றுவிடும்.

என்ன செய்தி இடுவது என்பதிலும் ஒரு சொல். வர்த்தகர் சங்கப் பக்கங்கள் பலவற்றைப் பார்த்தோம். குத்துவிளக்கு ஏற்றுதல், பொன்னாடை போர்த்தல், மாலை சூட்டுதல் ஆகிய படங்களே நிறைந்திருந்தன. பொன்னாடை போர்த்திய தலைவரின் படத்தைக் கண்டு எவரும் அரிசி வாங்க வருவதில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சந்தைக்கு வந்த முதல் நாள், செக்கில் எள் ஆட்டி நல்லெண்ணெய் வடியும் காட்சி, பனாட்டும் ஒடியல் மாவும் பொதி செய்யும் பெண்களின் கைகள், நாற்பது ஆண்டு ஒரே மேசையில் இருந்து நகை செய்யும் பத்தரின் உலைமூக்கு: இவையே பார்ப்போரை நிறுத்துவன.

இனி நம் துறைக்குரிய பொருளைச் சிறிது விரிவாகக் கூற அன்பர்கள் இடந்தருக. நம் கடைக்காரருள் மிகப் பலர் விளம்பரத்தை அச்சகத்திற் கொடுத்து அழகிய படமாகச் செய்வித்து, அப்படத்தையே முகநூலில் இடுகின்றனர். எழுத்தாக ஒரு வரியும் இடுவதில்லை. மனிதர் கண்ணுக்கு அப்படத்திலுள்ள எழுத்துத் தெரியும். தேடும் இயந்திரமோ படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் செவ்வனே படித்துக்கொள்ளும் என்று நம்பியிருத்தல் தகாது. அச்சகத்திலிருந்து எழுத்தாகவே பெற்றாலும் மற்றோர் இடர் உண்டு. நம் நாட்டு அச்சகங்களிற் பெருவழக்காயிருப்பது பாமினி என்னும் எழுத்துரு. அவ்வெழுத்துருவிலே தட்டச்சுச் செய்த தமிழ், கணினியின் உள்ளே தமிழாக இருப்பதில்லை. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகவே கிடக்கும். ‘அம்மா’ என்று நாம் காண்பது கணினிக்கு நான்கைந்து பொருளற்ற குறிகளே. அதனை அப்படியே இணையத்தில் ஒட்டினால், படிப்போனுக்கும் குப்பையாய்த் தோன்றும், தேடுவோனுக்கும் அகப்படாது. ஒருங்குறி எனப்படும் யுனிக்கோட் முறையிலேதான் தமிழ் எழுத்துக்கு உலகம் முழுதும் ஒரே எண் உண்டு. 1991ஆம் ஆண்டு அம்முறை வெளிவந்தபோதே தமிழும் அதிற் சேர்ந்துவிட்டது. பாமினியை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்திலே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆதலின், சங்கத்தின் எவ்வறிவித்தலும் ஒருங்குறியிலே ஒரு பிரதி வைக்கப்படுதல் வேண்டும்.

கடைப் பெயரை எழுதும் முறையும் ஒன்றாயிருத்தல் நலம். பலகையில் ஒருவிதம், பற்றுச்சீட்டில் ஒருவிதம், முகநூலில் வேறொருவிதம் என எழுதின், தேடுவோனும் மயங்குவான். இயந்திரமும் அவற்றை மூன்று கடைகளென எண்ணும். அன்றியும், நம் இளைஞரும் வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளும் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்திலே தட்டித் தேடுகின்றனர். தமிழாசிரியருக்கு இஃது உவப்பானதன்று. எனினும், தமிழிலே முழுமையாக எழுதியதன் கீழ் அப்பெயரை அவ்வாறும் ஒருமுறை குறித்து வைத்தலைத் தடுக்கமாட்டோம், கடை வாழவேண்டுமல்லவா?

விலையைக் குறிக்காது விடுதல் இணையத்திலே பெரிய நோயாகிவிட்டது. பொருளின் படத்தை இட்டு, ‘விலைக்கு உள்பெட்டிக்கு வருக’ என எழுதுகின்றனர். கேட்போரின் முகத்தைப் பார்த்து விலை கூறும் பழைய வழக்கம் புதிய உடை தரித்து வந்ததே இது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வணிகர் விலைப்பட்டியலைக் காணத்தக்க இடத்தில் வைத்தல் வேண்டுமென்கின்றது. கடைச் சுவரிலே தூக்கும் பட்டியலைத் திரையிலே மறைப்பதற்கு நியாயம் யாது? அயற்கடைக்காரர் விலையை அறிந்துவிடுவார் என்பர். அவர் ஒரு சிறுவனை அனுப்பி முன்னமே அறிந்திருப்பார்.

வட்ஸ்அப் வேறொரு வகையானது. முகநூல் சந்தைக்கு ஒப்பெனின் இது வீட்டு முற்றத்துக்கு ஒப்பு. வணிகருக்கென வகுத்த வட்ஸ்அப் செயலி 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. பண்டங்களைப் படமும் விலையுமாக அடுக்கிக் காட்டவும், கடை பூட்டியிருக்கும்போது தானே மறுமொழி அனுப்பவும் அதில் இடமுண்டு. ஒரே செய்தியை 256 பேருக்குத் தனித்தனியே செல்லுமாறு பட்டியலிட்டு அனுப்பலாம். ஆயின், கடையின் எண்ணைத் தம் தொலைபேசியிற் பதிந்துவைத்தோருக்கே அது சென்று சேரும். இத்தடையைக் கண்டு, வாடிக்கையாளர் எல்லோரையும் கேளாமலே ஒரு குழுவிற் சேர்த்துவிடுவோர் உளர். இது தகாது. குழுவிற் சேர்ந்தோர் அனைவரின் எண்ணும் அனைவருக்கும் தெரியவரும். அவருள் தனித்து வாழும் பெண்களும் இருப்பர். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரின் உடன்பாடின்றி விளம்பரச் செய்தி அனுப்புதலைக் கட்டுப்படுத்தும் பகுதியைக் கொண்டுள்ளது.

கடல் கடந்து வாழும் நம்மவரை மறந்து நம்மூர் வாணிகத்தைப் பேசுதல் இயலாது. ரொறன்ரோவில் இருக்கும் மகன், ஊரில் இருக்கும் தாய்க்குச் சாமான் வாங்கிக் கொடுக்க விரும்புகின்றான். அவனுக்கு ஊர்க்கடையின் பெயர் நினைவிலுண்டு; தொலைபேசி எண் தெரியாது. தேடினால் அக்கடை அகப்படுவதில்லை. அகப்படுவதோ கொழும்பிலுள்ள பரிசுப்பொருள் அனுப்பும் நிறுவனம். ஊர்ச் சங்கம் ஒன்று, தன் உறுப்பினர் கடைகளின் பட்டியலையும், வீட்டுக்குக் கொண்டுசென்று கொடுக்கும் முச்சக்கரவண்டிக்காரர் இருவரையும், பணம் பெறும் வழியையும் ஓரிடத்தில் ஒழுங்குசெய்து வைத்தால் அப்பணம் ஊரிலேயே தங்கும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாள்களிலும் வெளிநாட்டார் பலர் யாழ்ப்பாணம் வருவர். அவர்களுக்கான அறிவித்தலைக் கொடியேற்றத்தன்று இடுதலாற் பயனில்லை; விமானச்சீட்டு வாங்கும் மாதங்களிலேயே இடுதல் வேண்டும்.

பணம் கொடுத்து விளம்பரம் செய்தலைப் பற்றிச் சுருங்கக் கூறுதும். ஓர் ஊரைச் சுற்றி இத்தனை மைல் என வரையறுத்தும், வயது குறித்தும், வேற்று நாட்டு நகரம் ஒன்றைக் குறித்தும் விளம்பரம் செய்ய முகநூலில் வசதியுண்டு. கூகிள் விளம்பரங்களும் 2018ஆம் ஆண்டிலிருந்து தமிழை ஏற்கின்றன. டொலரிலே கணக்கிடப்படும் செலவு ரூபாயின் வீழ்ச்சியோடு ஏறும். 2022ஆம் ஆண்டு பங்குனியில் ஏறத்தாழ 200 ரூபாயாயிருந்த டொலர் வைகாசியில் 360 ரூபாயளவிற்குச் சென்றமையை வணிகர் மறந்திரார். இருபது கடைகள் மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் இட்டால் இருபதினாயிரம் ரூபாய் சேரும். அதனை ஆண்டு முழுதும் துளித்துளியாகச் செலவிடாது, பாடசாலை தொடங்கும் காலம், சித்திரைப் புத்தாண்டு, திருவிழா, தீபாவளி என நான்கு வேளைகளிற் செலவிடுதலே தக்கதென்பது நம் கருத்து.

கூட்டு முயற்சிக்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. ஐக்கிய அமெரிக்காவிலே 2010ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்னும் கடனட்டை நிறுவனம் ‘சிறுவணிகச் சனிக்கிழமை’ என ஒரு நாளைக் குறித்து, அன்று ஊர்க்கடைகளில் வாங்குமாறு முகநூல் வழியாக மக்களை அழைத்தது. 2013ஆம் ஆண்டில் பிரித்தானியாவும் அவ்வழக்கத்தை ஏற்றது. அந்நிறுவனம் தன் அட்டையின் பயன்பாட்டைப் பெருக்கவே அதனைத் தொடங்கிற்று என்பது வெளிப்படை. ஆயினும், ஒரே நாள், ஒரே பெயர், ஒரே அடையாளம் என்ற ஒழுங்கினாற் சிறு கடைகள் ஒருங்கே கண்ணிற் பட்டன. நம் சங்கங்கள் அட்டை நிறுவனத்தின் தயவின்றியே இதனைச் செய்யலாம்.

முடிவாக, எவரும் பேச விரும்பாத ஒன்றைக் கூறவேண்டியுள்ளது. இப்பக்கங்களின் சாவி யார் கையில் இருக்கின்றது? 2023ஆம் ஆண்டில் நாம் அறிந்த ஒரு சிறு நகரத்துச் சங்கத்தின் முகநூற் பக்கம், அதனைத் தொடங்கிய இளைஞரின் சொந்தக் கணக்கில் மட்டுமே இருந்தது. அவர் வேலை தேடி வெளிநாடு சென்றார். பதிப்புரிமையை மீறியமையாற் பக்கம் நீக்கப்படும் என அச்சுறுத்தி, முகநூல் நிறுவனத்தின் பெயரால் வந்த பொய்ச் செய்தியொன்றை நம்பி, தம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். மறுநாள் அப்பக்கத்திலே சூதாட்ட விளம்பரங்கள் தோன்றின. ஆறாண்டுப் படங்களும் வாடிக்கையாளர் தொடர்புகளும் சங்கத்தின் கையை விட்டுப்போயின. அந்த இளைஞரைக் குறை கூறிப் பயனில்லை. சங்கத்தின் சொத்தை ஒருவர் சட்டைப்பையில் விட்டவர் எல்லோரும்.

சாவி நம் கையில் இருப்பினும், நிலம் பிறருடையது. 2021ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆந் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் செயலற்றன. நம் நாட்டிலே 2018 பங்குனியிலும், 2019 சித்திரையிலும், 2022 சித்திரையிலும் சமூக ஊடகங்கள் அரச கட்டளையால் தடுக்கப்பட்டன. கூகிள் நிறுவனம் கடைக்காரருக்கு இலவசமாக அமைத்துக் கொடுத்திருந்த சிறு வலைத்தளங்களை 2024 பங்குனியில் மூடிவிட்டது. குத்தகைக் காணியிலே பந்தல் போடலாம், கல்வீடு கட்டலாகாது. சங்கம் தன் பெயரிலே ஒரு வலைத்தளத்தைப் பதிந்து, கடைகளின் பட்டியலை அங்கே வைத்தல் வேண்டும். 2010ஆம் ஆண்டிலிருந்து ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரியைப் பெறவும் இயலும். ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கும் பொறுப்பு ஒரு மனிதரின் பெயரிலன்றிப் பொருளாளர் என்னும் பதவியின் பெயரிலே எழுதப்படட்டும். பக்கங்களுக்கு நிர்வாகிகள் மூவருக்குக் குறையாமல் இருத்தல், கடவுச்சொல்லோடு தொலைபேசிக்கு வரும் இரண்டாம் குறியையும் கட்டாயமாக்கல், புதிய நிருவாகசபை பதவியேற்கும் கூட்டத்திலே சாவிகளைக் கைமாற்றி அதனை அறிக்கைப் புத்தகத்திற் பதிந்து இருதரப்பாரும் ஒப்பமிடல் ஆகியவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை. வங்கிக் கணக்குக்குக் கையொப்பமிடுவோரை மாற்றும் தீர்மானத்தை நிறைவேற்றும் அதே கூட்டத்தில், அதற்கு அடுத்த தீர்மானமாகவே இதனையும் வைத்துக்கொள்ளலாம்.